ரெஸ்யூமேயில் பொழுதுபோக்குகளை எழுதலாமா?

கேள்வி

டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். அனுபவம் 2 வருடம். ரெஸ்யூமே ஒரே பக்கம்தான். கடைசியில் மூன்று வரிக்கு இடம் மிச்சம். இப்போது அங்கே "வாசிப்பு, பயணம், இசை கேட்டல், செஸ்" என்று இருக்கிறது. தூக்கிவிடு என்கிறார்கள் சிலர், இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறார்கள் சிலர். வைப்பதா, எடுப்பதா? வைத்தால் எப்படி எழுதுவது?

பதில் 1

இப்போதுள்ள வடிவில் என்றால் எடுத்துவிடுங்கள். வாசிப்பு, பயணம், இசை மூன்றும் யார் ரெஸ்யூமேயில் ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும் சொற்கள். செஸ் தேறும், அதுவும் விவரம் சேர்த்தால்தான்.

ஒரு பொழுதுபோக்கின் பக்கத்தில் ஓர் எண்ணோ, ஆண்டோ, செய்து முடித்த காரியமோ எழுத முடிகிறதா என்று பாருங்கள். "செஸ்" என்று விடாமல் "செஸ்: ஃபிடே ரேட்டிங் 1650, 2019 முதல் போட்டிகளில்" (ஃபிடே என்பது உலக செஸ் கூட்டமைப்பு; ரேட்டிங் ஆட்டத் திறனைக் காட்டும் எண்). "ஓட்டம்" என்று விடாமல் "முழு மாரத்தான் (42.195 கி.மீ.) இருமுறை, சிறந்த நேரம் 4 மணி 12 நிமிடம்". எண் வராத விஷயமென்றால் குறுக்கிச் சொல்லுங்கள்: "வாசிப்பு" வேண்டாம், "புள்ளியியலின் வரலாறு பற்றிய நூல்கள்" பரவாயில்லை.

எண்ணைக் கூட்டி எழுத வேண்டாம். ஃபிடே தளத்தில் பெயரைத் தேடினால் ரேட்டிங் வந்துவிடும். பல ஓட்டப் போட்டிகளின் முடிவுகளும் இணையத்தில் கிடைக்கும். ஆன்லைன் செஸ் தளத்தில் உள்ள ரேட்டிங்கை ஃபிடே ரேட்டிங் என்று போடுவது அடிக்கடி நடக்கும் தப்பு. இரண்டும் வேறு கணக்கு, எண்கள் ஒத்துப்போகாது.

கடைசிப் பகுதியாக, அதிகபட்சம் இரண்டு வரி. இதற்கு இடம் பிடிக்க எழுத்தை 10 பாயிண்டுக்குக் கீழே இறக்கவோ ஓரங்களை அரை அங்குலத்துக்கும் குறைவாக ஒடுக்கவோ வேண்டியிருந்தால், முதலில் போக வேண்டியது இந்தப் பகுதிதான். இது மட்டும் இரண்டாம் பக்கத்துக்கு வழிந்து தனியாகத் தொங்கவே கூடாது.

பதில் 2

ஒன்று சேர்க்கிறேன். ஓய்வு நேரத்தில் செய்வது வேலைக்கு நேரடியாகப் பொருந்துமானால், அதைப் பொழுதுபோக்கில் போட்டு வீணாக்காதீர்கள். காகிள் (டேட்டா போட்டிகள் நடத்தும் தளம்) போட்டி, பொதுத் தரவை வைத்து நீங்கள் செய்த டாஷ்போர்டு, கிட்ஹப்பில் (புரோகிராம்களைச் சேமித்துப் பகிரும் தளம்) உள்ள உங்கள் புரோகிராம்கள் எல்லாம் "புராஜெக்டுகள்" பகுதிக்குப் போக வேண்டும், எஸ்.க்யூ.எல்., பைத்தான் என்று கருவியின் பெயரோடு. விண்ணப்பங்களைச் சேமிக்கும் மென்பொருளில் ஆளெடுப்பவர் அந்தச் சொற்களைப் போட்டுத்தான் தேடுவார். செஸ் என்று தேட மாட்டார்.

புத்தகம், கேமரா என்று குட்டிப் படங்கள் வைத்துப் பக்கவாட்டு நெடுவரிசையில் அடுக்கும் டெம்ப்ளேட்டுகளும் வேண்டாம். மென்பொருள் படத்தைப் படிக்காமல் போகும், இரண்டு நெடுவரிசை வரிகளை ஒன்றோடொன்று கலந்தும் விடும். பி.டி.எஃப்.பைத் திறந்து முழுவதையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிசை குலைந்திருந்தால் டெம்ப்ளேட்டை மாற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்

இரண்டு பேருக்கும் நன்றி. ஒரு மத அமைப்புக்கு வார இறுதிகளில் வரவு செலவு பார்த்துத் தருகிறேன். சிறிய யூடியூப் சேனலும் உண்டு, கொஞ்சம் வருமானம் வருகிறது. இவற்றை எழுதலாமா?

பதில் 3

முதலாவதை "தன்னார்வப் பணி" என்ற தலைப்பில் வேலையை முன்னிறுத்தி எழுதுங்கள்: "தன்னார்வ அமைப்பின் மாதாந்திர வரவு செலவுக் கணக்கு, எக்செல் பிவட் அறிக்கைகள்". மதம், கட்சி அடையாளங்கள் படிப்பவரின் விருப்பு வெறுப்பைக் கிளறக்கூடும். எதிரில் நீங்கள் இல்லாதபோது விளக்கவும் முடியாது. விண்ணப்பிப்பதே அப்படிப்பட்ட அமைப்புக்கு என்றால் பெயரோடு தாராளமாக எழுதலாம்.

சேனல் டேட்டா சம்பந்தப்பட்டதாக இல்லாவிட்டால் ரெஸ்யூமேயில் வேண்டாம். ஆனால் ஆஃபர் வந்ததும் ஒப்பந்தத்தில் வெளி வருமானம் பற்றிய பிரிவைத் தேடிப் படியுங்கள். முன் அனுமதி வாங்கச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. படிவத்தில் கேட்டால் மறைக்காமல் எழுதுங்கள்; பின்னால் தெரியவந்தால் வேலைக்கே ஆபத்து.

பதில் 1

கடைசியாக வைக்கும் வரியைப் பற்றி இரண்டு நிமிடம் தடுமாறாமல் பேச முடிகிறதா என்று உரக்கப் பேசிப் பாருங்கள். செஸ் என்றால் எந்த ஓப்பனிங் (தொடக்க நகர்த்தல் முறை) ஆடுவீர்கள், ஏன் என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அதற்கே யோசிக்க வேண்டியிருந்தால் அந்த மூன்று வரியையும் ஒரு புராஜெக்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.