பத்து மாதம் என்றால் 280 நாளா, 300 நாளா?

புது அப்பன் (ஏப்ரல் 10, காலை 7.40)
மனைவிக்கு இது முதல் பிரசவம். கடைசி மாதவிலக்கு ஜூன் 29. டாக்டர் கொடுத்த தேதி ஏப்ரல் 5. ஐந்து நாள் கூடிவிட்டது, வலி இல்லை. சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்போம், வராவிட்டால் அட்மிட் ஆகி ஜெல் வைத்து வலி வரவைக்கலாம் என்கிறார் டாக்டர். இதற்கிடையில் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு வைத்தியரின் ஆடியோ: "பத்து மாதம் என்றால் 300 நாள். 280 என்பது வெள்ளைக்காரன் கணக்கு. 300 முடியும்வரை ஊசி போட விடாதீர்கள், போட்டால் சிசேரியன்தான்." அப்பா முதல் சித்தப்பா வரை அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னொன்று, எட்டாவது வார ஸ்கேனில் ஏப்ரல் 9 என்று வந்திருந்தது. எதை எடுத்துக்கொள்வது?

சித்தன்போக்கு (8.05)
ஆடியோவில் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. "பத்து மாதம் சுமந்து பெற்றவள்" என்றுதானே நம் ஊரில் பேச்சு? ஒன்பது மாதம் என்று எந்தக் கிழவியாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? மாதத்துக்கு முப்பது நாள், பத்து மாதத்துக்கு 300. பழம் தானாகக் கனிய வேண்டும் தம்பி. தடியால் அடித்துக் கனியவைக்கிறார்கள் இவர்கள்.

வார்டு நம்பர் 7 (8.31)
காலையிலேயே ஆரம்பித்துவிட்டாரா! 31 வருடம் பிரசவ வார்டில் நின்ற கால் இது. 300 நாள் என்றால் 42 வாரம் 6 நாள். அதற்குள் எத்தனை குழந்தைக்குத் தண்ணீர் வற்றும், எத்தனை குழந்தை உள்ளேயே மலம் கழித்து அதையே விழுங்கும் என்று அந்த ஆடியோ வைத்தியருக்குத் தெரியுமா? கொம்பிலேயே அழுகின பழத்தையும் நான் கையில் ஏந்தியிருக்கிறேன் ஐயா. அதற்கு நீங்கள் பழமொழி சொல்ல மாட்டீர்கள்.

கணக்கு வாத்தியார் (9.10)
இருவரும் மாதம் என்றால் என்ன என்று சொல்லவே இல்லை. மாதவிலக்குச் சுற்று 28 நாள். பத்துச் சுற்று 280. கிழவிகள் எண்ணியது அந்த மாதத்தைத்தான், காலண்டர் மாதத்தை அல்ல. ஆகவே பத்து மாதமும் சரி, 280ம் சரி. காலண்டரில் போட்டால் ஒன்பது மாதம் ஏழு நாள். ஜூன் 29க்கு மார்ச் 29, அதோடு ஏழு, ஏப்ரல் 5. இந்த வழியைப் பரப்பியவர் 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் இருந்த நெகலே என்ற பேராசிரியர்.

சித்தன்போக்கு (9.22)
ஜெர்மனி! நான் சொன்னதை நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். வெள்ளைக்காரன் கணக்கு.

கணக்கு வாத்தியார் (9.25)
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. 28ஐப் பத்தால் பெருக்க ஜெர்மனிக்குப் போக வேண்டியதில்லை.

மல்லிகைப்பந்தல் (10.02)
நர்ஸ் அக்காவுக்கு எல்லாம் சுலபம். எனக்கு நாற்பது வாரம் இரண்டு நாளில் அட்மிட் போட்டார்கள். டேட் தாண்டிவிட்டதாம். மதியம் ஒரு ஜெல், ராத்திரி ஒரு ஜெல். அசையாமல் மல்லாந்து கிட என்றார்கள். வயிற்றில் பெல்ட் கட்டி, குதிரை ஓடுகிற மாதிரி குழந்தையின் துடிப்புச் சத்தம், விடிய விடிய. காலையில் கைவிட்டுப் பார்த்து "இன்னும் ஒரு விரல்தான்" என்று சொன்ன பெண் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் ட்ரிப்ஸ். சாயந்திரம் ஐந்து மணிக்கு ஆபரேஷன். குழந்தை 2.9 கிலோ, குறையொன்றும் இல்லை. இரண்டு நாள் தாண்டினதற்கு என்ன அவசரம்? டாக்டருக்கு வெளியூரில் கல்யாணம் என்று பிறகுதான் தெரிந்தது.

வார்டு நம்பர் 7 (10.20)
அது அந்த டாக்டரின் தப்பு, ஊசியின் தப்பு இல்லை. கர்ப்பப்பை வாய் கனிந்திருக்கிறதா என்று பார்த்து மார்க் போடுவார்கள், பிஷப் ஸ்கோர் என்று பெயர், மொத்தம் 13. ஆறு ஏழு கூட வராத வாயில் நேராக ட்ரிப்ஸ் ஏற்றினால் வீண். அதற்குத்தான் முதலில் ஜெல் அல்லது வாயை மெல்ல விரிக்கிற ஃபோலி பலூன். இரண்டு ஜெல்லிலேயே அலுத்துப்போகிறவர்கள் பிரசவத்துக்கே வரக்கூடாது.

மல்லிகைப்பந்தல் (10.24)
பார்த்தீர்களா, இந்த வாய்தான் வார்டிலும் பேசியிருக்கும்.

கடலூர் காற்று (11.15)
கொஞ்சம் எண்களைப் பார்க்கலாமா? ஸ்வீடனில் 2,760 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு 41 வாரத்தில் வலி வரவைத்தார்கள், மறுபாதியை 42 வரை விட்டார்கள். காத்திருந்த பக்கத்தில் ஆறு குழந்தைகள் இறந்தன, மறுபக்கம் ஒன்றுகூட இல்லை. பாதியிலேயே ஆய்வை நிறுத்திவிட்டார்கள். 2019ல் வெளியானது. சிசேரியன் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான், பத்து சதவீதத்தை ஒட்டி. ஆக, "போட்டால் சிசேரியன்தான்" என்பது ஆடியோக்காரரின் சொந்தச் சரக்கு.

மல்லிகைப்பந்தல் (11.31)
ஸ்வீடனில் பத்து. இங்கே? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். அரசில் 36. அந்த ஊர் நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுப்பாள். இங்கே பன்னிரண்டு மணி நேரம் தாண்டினால் கத்தி. அங்கே நடந்ததை இங்கே ஏன் ஒட்டுகிறீர்கள்?

கடலூர் காற்று (11.40)
நான் சொன்னது குழந்தை இறப்பைப் பற்றி. 2020ல் ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பிலும் வரவழைத்த பக்கம் 4 இறப்பு, காத்திருந்த பக்கம் 25.

சித்தன்போக்கு (11.52)
அதே தொகுப்பைத் திருப்பிப் பாருங்கள். ஒரு குழந்தையைக் காப்பாற்ற 544 பேருக்கு வலி வரவைக்க வேண்டுமாம். மீதி 543 பேருக்கு எதற்குக் கெமிக்கல் ஊசி? 300 நாள் கணக்குக்கு யாரும் வாய் திறக்கவில்லை, கவனித்தீர்களா?

வார்டு நம்பர் 7 (12.10)
அந்த 544ல் ஒன்று உங்கள் பேத்தியாக இருந்தால் இப்படி வகுத்துப் பார்ப்பீர்களா? கெமிக்கலாம்! அந்த ட்ரிப்ஸில் போவது ஆக்ஸிடோசின். உங்கள் அம்மா உடம்பே ஊறவைத்துத்தான் உங்களைத் தள்ளியது. அதை ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டிய டூ விக்னோவுக்கு 1955ல் நோபல் கிடைத்தது. நீங்கள் யாரென்று எனக்கு நினைவிருக்கிறது. போன வருடம் பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலைக்கு இளவெயிலில் காட்டினால் போதும், லைட் வைக்க வேண்டாம் என்று நாலு பக்கத்துக்குச் சண்டை போட்டவர்தானே?

சித்தன்போக்கு (12.14)
என் மூன்று பிள்ளைகளுக்கும் வெயில்தான். மூன்றும் இப்போது இன்ஜினியர்.

கணக்கு வாத்தியார் (12.30)
காமாலையை விடுங்கள். 300 என்பது எந்த மாதத்தைப் பெருக்கி வந்தது? சந்திர மாதம் 29½ என்று வைத்தாலும் 295தான். நட்சத்திர மாதம் 27 சொச்சம் என்றால் 273. எப்படிப் போட்டாலும் 300 வராது.

சித்தன்போக்கு (12.33)
தமிழ் மாதத்தில் போடுங்கள், வரும்.

கணக்கு வாத்தியார் (12.37)
ஆனி முதல் பங்குனி வரை போட்டால் 300ஐயும் தாண்டும். வைகாசி, ஆனி, ஆடிக்கு 31, 32 நாள் வரும் என்பது தெரியுமா? எந்த மாதத்தில் கருவுற்றாள் என்பதைப் பொறுத்துக் குழந்தை கூடுதலாக இரண்டு நாள் உள்ளே இருக்குமோ?

புது அப்பன் (1.05)
எல்லோருக்கும் நன்றி. என் கேள்வி ஏப்ரல் 5ஆ, 9ஆ என்பது. இன்னொன்றும் உண்டு. மாமியார் 14ஆம் தேதிக்குள் முடித்துவிடச் சொல்கிறார், சித்திரையில் தலைப்பிள்ளை கூடாதாம்.

வார்டு நம்பர் 7 (1.18)
வந்துவிட்டது சித்திரை! இதற்காகவே கையைப் பிடித்துக் கெஞ்சினவர்களை எண்ணினால் 300 தேறும். 38 வாரத்தில் கிழித்து எடுக்கச் சொன்ன பெரிய மனிதர்களும் உண்டு. தம்பி, மாமியாரிடம் பஞ்சாங்கத்தை மூடச் சொல்லுங்கள். ஸ்கேனுக்கும் மாதவிலக்குக்கும் நாலு நாள்தான் வித்தியாசம், எட்டாவது வாரத்தில் அவ்வளவுக்குத் தேதியை மாற்ற மாட்டார்கள். ஏப்ரல் 5தான்.

மல்லிகைப்பந்தல் (1.30)
மனைவிக்குச் சுற்று 28 நாளா என்று கேட்டாரா இவர்? எனக்கு 34, சுற்று நீண்டால் கரு தங்குவதும் தள்ளித்தான் போகும். நாலு நாளை விழுங்கிவிட்டு 41 என்று பயமுறுத்துவது எப்படி நியாயம்? உண்மையில் அவளுக்கு இன்று நாற்பது வாரம் ஒரு நாள்தான். கொடுத்த தேதியன்றே பிறக்கிற குழந்தை நூற்றில் ஐந்துகூட இல்லை.

வார்டு நம்பர் 7 (1.41)
சுற்றைக் கேட்க நான் இவருக்கு டாக்டர் இல்லை. ஏப்ரல் 5 என்று எழுதிக் கொடுத்தவர் கேட்டிருப்பார்.

மல்லிகைப்பந்தல் (1.43)
கேட்டிருப்பார்! என் டாக்டரும் கேட்டிருப்பார்.

சித்தன்போக்கு (2.20)
ராத்திரி ஒரு டம்ளர் பாலில் விளக்கெண்ணெய். எங்கள் பாட்டி காலத்து வழி. சூட்டு வலியா நிஜ வலியா என்று தெரிய சீரகத் தண்ணீர்.

வார்டு நம்பர் 7 (2.26)
சீரகத் தண்ணீர் குடிக்கட்டும், கெடுதல் இல்லை. விளக்கெண்ணெய் குடித்துவிட்டு வயிற்றுப்போக்கோடு துவண்டு வந்த பெண்களுக்கு நான்தான் பெட்பேன் வைத்தேன். உங்கள் பாட்டி வைக்கவில்லை.

சித்தன்போக்கு (2.29)
என் பாட்டி பதினொன்று பெற்றவள்.

வார்டு நம்பர் 7 (2.30)
எத்தனை தங்கியது?

கடலூர் காற்று (2.52)
அக்கா, இது கொஞ்சம் அதிகம்.

வார்டு நம்பர் 7 (3.05)
அதிகம் இல்லை தம்பி. என் பாட்டிக்கு ஒன்பது பிறந்து நாலு தங்கியது. அதைச் சொன்னால் மட்டும் முகம் சுளிக்கிறீர்கள். 41 வாரத்தில் வலி வரவைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது, இவர் டாக்டர் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

மல்லிகைப்பந்தல் (3.12)
எந்தத் தேதியிலிருந்து 41? இதைத்தானே காலையிலிருந்து கேட்கிறோம்.

புது அப்பன் (ஏப்ரல் 11, இரவு 9.15)
சாயந்திரம் பார்த்துவிட்டு வந்தோம். தண்ணீர் போதுமாக இருக்கிறதாம், துடிப்பும் நன்றாக இருக்கிறதாம். நாளைக் காலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வேண்டுமானால் இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம், தினமும் வந்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார். மனைவி இன்னும் முடிவு சொல்லவில்லை. பையை மட்டும் கட்டி வைத்திருக்கிறாள்.

வார்டு நம்பர் 7 (9.21)
ராத்திரி சாப்பிட்டதும் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து அசைவை எண்ணச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து வரவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். காலையில் வரும்போது பழைய ஸ்கேன் எல்லாம் எடுத்து வாருங்கள், எட்டாவது வாரத்தது உட்பட.

மல்லிகைப்பந்தல் (9.30)
அதில் ஏப்ரல் 9 என்று இருக்கும். ஞாபகம் இருக்கட்டும்.

சித்தன்போக்கு (9.44)
280 என்று முதலில் சொன்னது யார் என்பதற்கு இன்னும் பதில் இல்லை.

கணக்கு வாத்தியார் (9.46)
நேற்று 9.10க்கு எழுதியிருக்கிறேன். மேலே போய்ப் படியுங்கள்.

சித்தன்போக்கு (9.47)
படித்தேன். அது ஜெர்மனி.