பழைய கேம் டிஸ்க் புது கேம் மிஷினில் ஓடும் என்று நம்பினீர்களா, ஓடாது என்று விட்டீர்களா? நடந்ததை எழுதுங்கள்

கொலுசுப்பட்டறை எழுதியது:

2011 ஆடி மாதம் நடந்தது. அந்தப் பையன் முகம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை, அதனால்தான் ஆரம்பிக்கிறேன்.

என் அக்கா வீடு ஏற்காட்டில், நாகலூர் பக்கம். அக்கா மகனுக்கு அப்போது பத்து வயது. அவனுடைய பிஎஸ்2, அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 2, லென்ஸ் போய்விட்டது, என்ன போட்டாலும் கரகரவென்று சுற்றி நின்றுவிடும். நான் செவ்வாய்ப்பேட்டையில் பட்டறை வேலை. ஆடிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கையில் வந்தது, ஒரு கடையில் செகண்ட் ஹேண்ட் பிஎஸ்3 ஸ்லிம் இருந்தது, வாங்கிவிட்டேன். கடைக்காரரிடம் கேட்டேன், ஓடும் என்றார். அவர் சொல்லாவிட்டாலும் வாங்கியிருப்பேன், ஏனென்றால் பிஎஸ்1 டிஸ்க் பிஎஸ்2வில் ஓடியதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். 1 போட்டது 2இல் ஓடினால் 2 போட்டது 3இல் ஓடாமலா போகும்? அப்படித்தான் போனில் பையனிடமும் சொன்னேன், "உன் டிஸ்க் எல்லாம் எடுத்து வை, மாமா வர்றேன்" என்று.

இருபது கொண்டை ஊசி வளைவும் பெட்டி என் மடியில்தான். பஸ் திரும்பும்போதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். போனதும் டிவியில் மாட்டினோம். முதலில் ஸ்மாக்டவுன் மல்யுத்த கேம் போட்டான், அவனுக்கு உயிர் அது. திரையில் இந்த மாடலில் பிஎஸ்2 டிஸ்க் ஓடாது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அவன் டிஸ்க்கை எடுத்தான், சட்டை நுனியால் நடுவில் இருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தான், வாயால் ஊதினான், திரும்பப் போட்டான். அதே வரி. மறுபடி துடைத்தான். மூன்றாவது தடவைக்கு அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "டிஸ்க்லதான் கீறல் போல மாமா, போன மாசம் கீழ போட்டுட்டேன்" என்றான்.

அவன் கீழே போடவே இல்லை என்று அக்கா அப்புறம் என்னிடம் தனியாகச் சொன்னாள்.

ஜங்ஷன் சர்வீஸ் எழுதியது:

அண்ணா, முதலில் அந்த டிஸ்க் ஒரிஜினலா என்று சொல்லுங்கள். அந்தக் காலத்தில் சேலத்தில் சுற்றியதில் முக்கால்வாசி காப்பி டிஸ்க், காப்பியும் ஓடுகிற மாதிரி பிஎஸ்2வில் தனி சிப் அடித்து ஓட்டியது. அதெல்லாம் எந்த பிஎஸ்3இலும் ஓடாது, மாடல் எதுவாக இருந்தாலும் சரி. அதனால் தப்பு முழுக்க உங்கள் மேல் என்று நினைக்க வேண்டாம்.

ஒரிஜினல் என்றால், மாடல்தான் விஷயம். 2006இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் முதலில் வந்த 60 ஜிபி, 20 ஜிபி பிஎஸ்3க்குள் பிஎஸ்2வின் இரண்டு முக்கியமான சிப்பையும் அப்படியே வைத்திருந்தார்கள். 2007இல் ஐரோப்பாவுக்கு வந்த 60 ஜிபியில் படம் வரையும் சிப் மட்டும்தான், இன்னொன்றின் வேலையை சாஃப்ட்வேர் பார்த்தது, அதனால் சில கேம் ஓடும், சிலது மக்கர் பண்ணும். அடுத்து வந்த 40 ஜிபியில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். ஸ்லிம் வந்தபோது பேச்சே இல்லை. நான் பார்ப்பது முன்பக்க யூஎஸ்பி ஓட்டை. நாலு இருந்தால் பிஎஸ்2 டிஸ்க்குக்கு வாய்ப்பு உண்டு, இரண்டுதான் என்றால் கிடையாது. அந்தக் கடைக்காரருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

என் கதை இதற்கு நேர் எதிர். 2013 வாக்கில், கொண்டலாம்பட்டியில் இருந்து ஒரு தறிக்காரர், ஐம்பது வயது இருக்கும், மஞ்சள் பை நிறைய பிஎஸ்1 டிஸ்க்கோடு வந்தார். மகனுக்கு யாரோ பிஎஸ்3 ஸ்லிம் கொடுத்திருக்கிறார்கள், "இதெல்லாம் அதுல ஓடுங்களா?" என்றார். பிஎஸ்2வே ஓடாத ஸ்லிம்மில் பிஎஸ்1 எங்கே ஓடப்போகிறது என்று நான் டிஸ்க்கைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓடாதுங்க என்றேன். சரிங்க என்று பையைச் சுருட்டிக்கொண்டு போனார்.

நாலு மாதம் கழித்து வேறு ஒருத்தர் சர்வீசுக்குக் கொடுத்த ஸ்லிம்மில், சும்மா டிரைவ் சுற்றுகிறதா என்று பார்க்க, கைக்கு வந்த டெக்கன் 3 டிஸ்க்கைத் தள்ளினேன். அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும் ஒரிஜினல். ஓடியது. பிஎஸ்1 டிஸ்க் எல்லா பிஎஸ்3இலும் ஓடும், அதற்குத் தனி சிப்பே தேவையில்லை, சாஃப்ட்வேரே பார்த்துக்கொள்ளும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தறிக்காரரை விசாரித்துப் பிடித்தேன். "நீங்கதான் ஓடாதுன்னீங்களே தம்பி, பழைய இரும்புக் கடையில எடைக்குப் போட்டுட்டோம்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

கொலுசுப்பட்டறை எழுதியது:

ஒரிஜினல்தான் தம்பி. அவன் அப்பா சென்னையில் வாங்கிக் கொடுத்தது, பில் இன்னும் டப்பாவுக்குள்ளேயே இருக்கிறது. மற்ற டிஸ்க் எல்லாம் நீங்கள் சொல்கிற மாதிரி காப்பிதான்.

மஞ்சக்குட்டை காப்பித்தோட்டம் எழுதியது:

சோனி பக்கத்தை விடுங்கள், மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸில் ஓடும் என்று பட்டியலிலேயே போட்டிருந்தும் எனக்கு ஓடவில்லை, அதைக் கேளுங்கள்.

எங்கள் வீடு எஸ்டேட் ஓரம். என்னிடம் பழைய எக்ஸ்பாக்ஸ் 360க்கு வாங்கிய ரெட் டெட் ரிடெம்ப்ஷன் கேம் இருந்தது. 2016 ஜூலையில் அது எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் ஓடும் என்று அறிவித்தார்கள், நான் அடுத்த வருடம் ஒன் எஸ் வாங்கினேன். டிஸ்க்கைப் போட்டால் நேராக ஆட்டத்துக்குப் போகும் என்றுதான் நினைத்தேன். போகவில்லை, டவுன்லோடு என்றது. டிஸ்க் வெறும் சாவி மாதிரிதான். இவனிடம் இந்த கேம் இருக்கிறது என்று காட்டத்தான் டிஸ்க், ஆட்டம் முழுவதும் அவர்கள் புதிதாகக் கட்டி வைத்த பொதியாக நெட்டில் இருந்து இறங்க வேண்டும். முடிந்த பிறகும் டிஸ்க் உள்ளே இருக்க வேண்டும்.

எங்களுக்கு அப்போது டாங்கிள்தான். மழைக்காலம் வேறு. சில்வர் ஓக் மரத்துப் பக்கம் ஜன்னல் கம்பியில் டாங்கிளைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டால் இரண்டு கோடு சிக்னல் வரும், பனி இறங்கினால் அதுவும் போய்விடும். சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டேன். இரவு பதினொன்றுக்கு 3 சதவீதம். அம்மா எழுந்து வந்து "என்னடா, அதையே பாத்துட்டு இருக்க" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை, ஏனென்றால் கேம் என் கையில் டிஸ்க்காக இருக்கிறது, காசு கொடுத்து வாங்கியது, ஆனாலும் அது என்னிடம் இல்லை.

கடைசியில் மிஷினைப் பழைய போர்வையில் சுற்றி பைக்கில் கட்டி, மலையிறங்கி, அஸ்தம்பட்டியில் இருக்கும் நண்பன் வீட்டில் ஒரு ராத்திரி விட்டுவிட்டு வந்தேன். காலையில் இறங்கியிருந்தது. அவன் அம்மா தட்டுவடை செட் வாங்கி வைத்திருந்தார், அதைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப மலையேறினேன்.

அஞ்சு ரோடு எழுதியது:

இவ்வளவு பேசுகிறீர்கள், காரணம் ஒன்றுதான். கம்பெனிக்கு மனசு இருந்தால் எல்லாமே ஓடும். பழையது ஓடிவிட்டால் புதிது எப்படி விற்கும்? பிஎஸ்3 கேம் பிஎஸ்4இல் ஓடாததற்கு வேறு காரணம் சொல்லுங்கள் பார்ப்போம். என்னிடம் 22 பிஎஸ்3 டிஸ்க் இருந்தது. பிஎஸ்4 வாங்கிய அன்று என் மகள் ஒன்றை எடுத்துப் போட்டாள், துப்பிவிட்டது. அவ்வளவுதான் என் அனுபவம்.

ஜங்ஷன் சர்வீஸ் எழுதியது:

இல்லைங்க, அதை ஒத்துக்கொள்ள முடியாது. பிஎஸ்3க்குள் இருந்தது செல் என்ற சிப். ஒரு தலைமைப் பகுதி, அதைச் சுற்றித் துணைப் பகுதிகள் 8, அதில் பிஎஸ்3இல் 7தான் வேலை செய்யும். கேம் எழுதியவர்கள் இந்த வேலை இந்தத் துணைக்கு, அது அதற்கு என்று பிரித்துப் பிரித்து எழுதினார்கள். 2013இல் வந்த பிஎஸ்4க்குள் இருப்பது நம் கம்ப்யூட்டரில் இருக்கும் எக்ஸ்86 வகை. குழித்தறியில் நெய்யப் போட்ட பாவு நூலை எடுத்து விசைத்தறியில் ஏற்றி அப்படியே ஓடு என்றால் ஓடுமா? பிஎஸ்5க்குள் இருப்பதும் எக்ஸ்86, அதனால்தான் பிஎஸ்4 கேம் அதில் கிட்டத்தட்ட எல்லாமே ஓடுகிறது. மனசு ஒரு பங்கு, மறுக்கவில்லை. ஆனால் அது மட்டும் இல்லை.

ஃபேர்லேண்ட்ஸ்காரர் எழுதியது:

என் கதை இரண்டே வரி. 2021இல் பிஎஸ்5 கிடைக்காமல் அலைந்தபோது டிஜிட்டல் எடிஷன் கிடைத்தது, சந்தோஷத்தில் வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து கிரிக்கெட் 19 டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு மிஷினைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தேன், டிஸ்க் போடும் இடமே இல்லை.

இனி வாங்கப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் டிரைவ் இருக்கிறதா பாருங்கள், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்சிலும் கிடையாது, பிஎஸ்5 புரோவில் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். அப்புறம் டிஸ்க் எந்தத் தலைமுறை என்று பாருங்கள். பிஎஸ்5 பிஎஸ்4 டிஸ்க்கை மட்டும்தான் எடுக்கும், 1, 2, 3 எதுவும் எடுக்காது. சொல்லப்போனால் பிஎஸ்4இல் இருந்தே சிடி படிப்பதை விட்டுவிட்டார்கள், பாட்டு சிடி போட்டால்கூடப் பாடாது, அப்படி இருக்கும்போது பிஎஸ்1 டிஸ்க் எங்கே. பிஎஸ்4 கேமிலேயே பிஎஸ்5இல் ஓடாதது சில உண்டு, பிஎஸ்5 வந்தபோது சோனியே ஒரு சின்னப் பட்டியல் வெளியிட்டது, பத்துதான், பெரும்பாலும் யாரும் கேள்விப்படாத கேம். எக்ஸ்பாக்ஸ் என்றால் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள், ஏனென்றால் 360 கேம் 600க்கு மேல் ஓடும், ஆனால் எல்லாம் இல்லை. 2021 நவம்பரில் 70க்கு மேல் சேர்த்துவிட்டு இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார்கள், இனி வரும் என்று காத்திருக்க வேண்டாம். உடம்பை ஆட்டி விளையாடும் கினெக்ட் கேம் சீரிஸ் எக்ஸில் கிடையவே கிடையாது. இன்னொன்று, மிஷின் ஓட்டத் தயாராக இருந்தாலும் உரிமம் தடுக்கும். மல்யுத்த கேம் என்றால் வீரர்களின் பெயர், முகம், அவர்கள் நடந்து வரும்போது போடும் பாட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒப்பந்தம், காலம் முடிந்தால் திரும்ப விற்க முடியாது. கார் கேமும் கிரிக்கெட்டும் அப்படித்தான். ஆகவே பழைய மிஷினை மட்டும் விற்காதீர்கள், டிஸ்க்கோடு சேர்த்துத் துணியில் சுற்றி அலமாரியில் வையுங்கள், வாரம் ஒரு முறை இல்லாவிட்டாலும் மாதம் ஒரு முறையாவது போட்டு ஓடவிடுங்கள்.

குகைக்காரி எழுதியது:

அண்ணா, அனுபவம் கேட்ட இடத்தில் பாடம் எடுத்துவிட்டீர்கள், பரவாயில்லை. ஆனால் கடைசியில் சொன்ன அந்த ஒன்றை எனக்கு யாராவது 2005இல் சொல்லியிருக்கலாம்.

எங்கள் வீட்டில் நானும் அண்ணனும் பிஎஸ்1இல் ஒரு கோடை லீவு முழுக்க ஒரே ஆட்டத்தை விளையாடினோம். கால் மணி நேரம் அவன், கால் மணி நேரம் நான், கடிகாரம் பார்த்து. அப்பா பிஎஸ்2 வாங்கித் தந்தபோது பழையதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது என்று முடிவு. பிஎஸ்1 டிஸ்க் பிஎஸ்2வில் ஓடும் என்று எங்களுக்குத் தெரியும், அதனால் கவலை இல்லை. அதுவரை விளையாடியதைப் பதிந்து வைத்த சேவ் மட்டும் வேண்டும். அது இருக்கும் பழைய மெமரி கார்டு 128 கேபி, புதுசு 8 எம்பி. பெரியதில் போட்டால் பத்திரம் என்று அண்ணன் பழைய கார்டை பிஎஸ்2வில் செருகி, எல்லாவற்றையும் புதுக் கார்டுக்கு ஏற்றினான். பழைய கார்டை மிஷினோடு கொடுத்துவிட்டோம்.

ஆட்டம் ஓடியது. லோடு என்று அழுத்தினால் சேவ் இல்லை என்றது. வெளியே வந்து பிஎஸ்2வின் கார்டு பக்கத்தைத் திறந்தால் அந்தச் சின்னப் படம் அங்கேயே இருக்கிறது, பெயரோடு. திரும்ப உள்ளே போனால் இல்லை. அண்ணன் அன்று சாயங்காலம் முழுக்க வெளியே வருவதும் உள்ளே போவதுமாக இருந்தான், நான் பக்கத்தில் உட்கார்ந்து "இருக்கு அண்ணா, இரு, இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பிஎஸ்1 ஆட்டம் பிஎஸ்1 கார்டை மட்டும்தான் பார்க்கும் என்று பத்து வருடம் கழித்துத்தான் எங்கோ படித்தேன். டிஸ்க் ஓடுமா என்று மட்டும் கேட்டோம், விளையாடியது கூட வருமா என்று கேட்கவே இல்லை. அண்ணன் இப்போது ஓசூரில் வேலை. அந்த 8 எம்பி கார்டு என் பீரோவில் வளையல் டப்பாவில் இருக்கிறது.

ஜங்ஷன் சர்வீஸ் எழுதியது:

அக்கா, அந்தக் கார்டில் இருந்து ஒன்றும் அழிக்காமல் இருந்தால், ஒரு பிஎஸ்1 கார்டை இரண்டாவது ஓட்டையில் செருகி அதே பக்கத்தில் இருந்து திரும்ப ஏற்றலாம். போனது எப்படியோ வருவதும் அப்படித்தான். என் மேஜை டிராயரில் சாம்பல் நிற பிஎஸ்1 கார்டு ஒன்று கிடக்கிறது, பிஎஸ்2வும் கடையில் இருக்கிறது. இத்தனை வருடத்தில் கார்டு செத்திருக்கலாம், அதைப் போட்டுப் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன். டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். காசு வேண்டாம்.

குகைக்காரி எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்குமா தம்பி? அண்ணன் சனிக்கிழமை ராத்திரி ஊருக்கு வருகிறான்.