கழுத்துக் கட்டி: ஊசியில் எடுத்துப் பார்ப்பதா, அறுத்தே எடுத்துவிடுவதா?

தாராவி மருமகன்:

மும்பைவாழ் தமிழ் அன்பர்களுக்கு வணக்கம். என் மாமனாருக்கு வயது 61. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சிறுவயதிலேயே தாராவிக்கு வந்து, தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். சுண்ணாம்பு வைத்து உள்ளங்கையில் கசக்கிய புகையிலையை உதட்டில் அடக்கும் பழக்கமும் பீடிப் பழக்கமும் பல வருடங்களாக உண்டு. ஒரு மாதத்துக்கு மேலாக அவருடைய இடப்பக்கத் தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருக்கிறது. தொட்டால் கெட்டியாக இருக்கிறது, ஆனால் வலிக்கவில்லை. அதே பக்கத்துக் காதில் மட்டும் இரவில் குத்தல் எடுக்கிறது என்கிறார். காதைப் பார்த்த மருத்துவரோ காதில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர், நெறி கட்டியிருக்கிறது என்று சொல்லி இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தும் கட்டி கரையவில்லை. பக்கத்து நர்ஸிங் ஹோமில், ஒரு நாள் தங்கினால் போதும், கட்டியை முழுதாக அறுத்து எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிடலாம் என்கிறார்கள். வேறொரு மருத்துவர், முதலில் ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார். கட்டியில் ஊசி பட்டால் பரவிவிடும் என்று மாமியார் பிடிவாதமாக இருக்கிறார். புற்றுநோய்க்கென்று இருக்கும் டாட்டா மருத்துவமனையின் பெயரைச் சொன்னாலே மாமனாரின் முகம் வெளிறிவிடுகிறது. எதை முதலில் செய்வது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

சயான் வாசகி:

கழுத்தில் கட்டி என்றவுடன் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். என் தங்கைக்குக் கழுத்தோரம் வரிசையாக நெறி கட்டியபோது நாங்களும் அப்படித்தான் பதறினோம். ஊசியில் எடுத்துப் பார்த்ததில் காசநோய் என்று தெரிந்தது. ஊரில் கண்டமாலை என்பார்களே, அதுதான். எடுத்ததில் கொஞ்சத்தை சிபிநாட் பரிசோதனைக்கும் அனுப்பினார்கள். கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்ற இரண்டையும் அந்தப் பரிசோதனை சொல்லிவிடும். ஆறு மாத மாத்திரையில் குணமானாள். மாநகராட்சி மருத்துவமனையில் மாத்திரைக்குப் பணம் வாங்கவில்லை. அன்று அறுத்திருந்தால் தழும்புதான் மிஞ்சியிருக்கும். ஊசியைப் பற்றிய பயமும் தேவையில்லை. இரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லியது அது. உள்ளே விட்டு இரண்டு மூன்று முறை அசைத்து, வந்ததைக் கண்ணாடித் தகட்டில் தடவிக்கொண்டு, பஞ்சை வைத்து அழுத்திவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

மாட்டுங்கா மருத்துவர் (காது மூக்கு தொண்டை, ஓய்வு):

சகோதரி சொல்வது உண்மை; நம் நாட்டில் கழுத்துக் கட்டிக்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். ஆனால் வயது, புகையிலை, வலியில்லாத கெட்டியான கட்டி, காதில் குறையில்லாமலே காது வலி ஆகிய நான்கும் ஒருவரிடம் சேர்ந்திருக்கும்போது, வேறு காரணம் நிரூபணமாகும்வரை புற்றுநோய் என்றே வைத்துக்கொண்டு தேடுவதுதான் எங்கள் துறையின் வழக்கம். தொண்டைக்கும் குரல்வளைக்கும் உணர்ச்சியைக் கொண்டு செல்லும் ஒன்பதாவது, பத்தாவது மூளை நரம்புகளின் கிளைகள் காதுக்கும் போகின்றன. அதனால் டான்சிலிலோ, நாக்கின் அடிப்பகுதியிலோ, குரல்வளைக்கு மேலேயோ புண் இருந்தால் வலி காதில் தெரியும். இரண்டு வாரம் தாண்டியும் கரையாத கட்டிக்கு மறுபடியும் ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டிருப்பது காலத்தை வீணாக்குவதே.

ஆகவே, கட்டியைத் தொடுவதற்கு முன் தொண்டையைப் பார்க்க வேண்டும். கழுத்தில் தெரிவது பெரும்பாலும் வீங்கிய நிணநீர்க் கணுதான்; நெறி என்று நாம் சொல்வது இதைத்தான். அந்தக் கணுவை வீங்கச் செய்த மூலம் வாயிலோ தொண்டையிலோ இருக்கக்கூடும். மூக்கில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, மெல்லிய குழாய்க் கேமராவை உள்ளே செலுத்தி, நோயாளியை "ஈ" என்று நீட்டிச் சொல்லச் சொல்வோம். குரல் நாண்கள் இரண்டும் சேர்ந்து அசைகின்றனவா என்பது அப்போதே திரையில் தெரிந்துவிடும். அதோடு நாக்கின் அடிப்பகுதியையும் டான்சிலையும் கையுறை அணிந்த விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். இதைச் சிலர் செய்யாமல் விடுவது எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் விஷயம். கண்ணுக்கு எட்டாத கட்டியும் விரலுக்கு எட்டும்.

அதன் பிறகு ஊசிப் பரிசோதனை, தேவைப்பட்டால், படம் தெளிவாகத் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி சி.டி. ஸ்கேன். மெல்லிய ஊசியால் புற்றுநோய் பரவுவது மிக மிக அரிது. அந்தப் பயத்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. மாறாக, மூலம் எதுவென்று தெரியாமல் கணுவை மட்டும் அறுத்து எடுத்தால், பின்னர் கழுத்தில் முறையான அறுவைசிகிச்சை செய்ய வருபவர் தழும்பேறிய திசுவுக்குள் வேலை செய்ய நேரிடும். கட்டி உடைந்து சிதறவும் இடமுண்டு. தோளை உயர்த்தும் பதினோராவது நரம்பும் அவ்விடத்தில்தான் ஓடுகிறது. அது அறுபட்டால் தோள் தொங்கிப்போகும். ஊசியில் இருமுறை பார்த்தும் விடை கிடைக்காதபோது, அல்லது லிம்ஃபோமா (நிணநீர் மண்டலத்திலேயே தோன்றும் புற்று) என்று சந்தேகம் எழும்போது, கட்டியை அறுத்தெடுத்துப் பார்ப்பதற்கு நியாயம் உண்டு. முதல் வேலையாக அது வேண்டாம்.

செம்பூர்க்காரன்:

டாட்டாவைப் பற்றிய பயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். பரேலில் 1941-இல் தொடங்கிய மருத்துவமனை அது. என் அப்பாவுக்கு நாக்கில் புற்று வந்தபோது கழுத்தில் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. அப்படியும் நாக்கோடு சேர்த்துக் கழுத்துக் கணுக்களையும் எடுக்க வேண்டும் என்றார்கள். இல்லாததை ஏன் எடுக்க வேண்டும் என்று நாங்கள் முறுக்கிக்கொண்டோம். அந்தக் கேள்விக்கு அதே மருத்துவமனையில் நடந்த ஆய்வே விடை சொல்லியிருந்தது. ஆரம்பநிலை வாய்ப்புற்றில் முதல் அறுவையிலேயே கணுக்களையும் எடுத்தவர்களில் 80 சதவீதத்தினர் மூன்றாண்டு கழித்து உயிரோடு இருந்தார்கள். கட்டி தெரிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்ட பிரிவில் 67.5 சதவீதம். 2015-இல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. பெயரைக் கேட்டுப் பயப்படுகிற இடத்தில்தான் இந்த நோயை அதிகம் பார்த்த கைகள் இருக்கின்றன என்று மாமனாரிடம் சொல்லுங்கள். காலையில் சீக்கிரமே போய்விடுங்கள், கூட்டம் தாங்காது. ரேஷன் கார்டையும் ஆதாரையும் கையோடு கொண்டுபோய், மகாத்மா ஜோதிராவ் ஃபுலே திட்டத்தில் செலவுக்கு வழி உண்டா என்று அங்குள்ள சமூகப் பணியாளரிடம் கேளுங்கள்.

தாராவி மருமகன்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நர்ஸிங் ஹோமில் தேதி வாங்கியிருந்ததை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். மருத்துவர் ஐயாவிடம் ஒரே ஒரு சந்தேகம்: கேமராவில் பார்த்தும் தொண்டையில் ஒன்றுமே தெரியாமல், ஊசியில் மட்டும் புற்று என்று வந்துவிட்டால் என்ன செய்வார்கள்?

மாட்டுங்கா மருத்துவர்:

அப்படியும் நேர்வது உண்டு. அப்போது, புற்று உடலில் எங்கே இருக்கிறது என்று தேட உதவும் பெட் ஸ்கேன் எடுத்து, மயக்கம் கொடுத்துத் தொண்டையை முழுதாகப் பரிசோதித்து, சந்தேகமான இடங்களிலிருந்து சதை எடுப்பார்கள். டான்சிலையே எடுத்துப் பார்ப்பதும் வழக்கம், ஏனென்றால் மூலம் அதன் மடிப்புகளுக்குள் ஒளிந்திருப்பது சாதாரணம். தொண்டைப் புற்றுக்குக் காரணமாகக்கூடிய ஹெச்.பி.வி. வைரஸால் வந்ததா என்று அறிய பி16 என்ற சோதனையும் செய்வார்கள். முக்கியமாக ஒன்று: ஊசிப் பரிசோதனையை வெளியில் எங்காவது செய்துகொண்டால், அறிக்கைத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்குங்கள். பெரிய மருத்துவமனையில் அவற்றைத் தாங்களே மறுபடி பார்த்த பிறகுதான் சிகிச்சையை முடிவு செய்வார்கள். இதற்கிடையில் மாமனாருக்கு மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தாலோ, எச்சில் விழுங்க முடியாமல் போனாலோ, தேதிக்காகக் காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.