மறு: ஃப்ரன்ட் எஞ்சின் டிராக்ஸ்டர் – 'கவட்டை வண்டி' எனலாமா?

அன்புள்ள ஐயாவுக்கும் மற்ற நண்பர்களுக்கும் வணக்கம்.

'ஃப்ரன்ட் எஞ்சின் டிராக்ஸ்டர்' என்பது ஓட்டுநருக்கு முன்னால் எஞ்சின் இருக்கும், நேர்கோட்டில் ஓடும் பந்தய வண்டி. அதற்குத் தமிழாக ஐயா தந்த 'முன்பொறி இழுவை வண்டி' இரண்டு இடத்தில் எனக்கு உறுத்துகிறது.

'இழுவை' என்றதும் நமக்கு டிராக்டர்தான் நினைவுக்கு வரும். நின்ற இடத்திலிருந்து சீறிக் கிளம்பி 402 மீட்டரை ஆறேழு நொடியில் கடக்கிற வண்டிக்கு அது பொருந்தவில்லை. இந்த வண்டிகள் ஓடும் 'டிராக் ரேஸ்'க்குக் 'கால்மைல் பந்தயம்' என்ற யோசனையும் சரிவராது. அரைக்கால் மைலிலும் ஓட்டுகிறார்கள். 'பாய்ச்சல் பந்தயம்' என்றால் போதும்.

'முன்பொறி'தான் பெரிய சிக்கல். நம் தெருவில் நிற்கும் காருக்கும் எஞ்சின் முன்னால்தானே? அமெரிக்காவிலேயே இந்தப் பெயருக்குத் தேவை பிறகுதான் வந்தது. 1970 மார்ச் 8 அன்று கலிஃபோர்னியாவின் லயன்ஸ் ஓடுதளத்தில் பந்தய ஓட்டுநர் டான் கார்லிட்ஸின் கியர்பாக்ஸ் வெடித்தது. வண்டி இரண்டாக முறிந்தது; அவருடைய வலது பாதத்தில் ஒரு பகுதி போயிற்று. அவர் எஞ்சினைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துப் புதிதாக ஒன்று கட்டி, 1971இல் போமோனா பந்தயத்தில் வென்றார். சில ஆண்டுகளில் மற்றவர்களும் மாறிவிட்டார்கள். பழையதை 'முன்' என்று பிரித்துச் சொல்லவேண்டி வந்தது அதன் பிறகே. அதற்கு முன்பே புழங்கிய பெயர் 'ஸ்லிங்ஷாட்', அதாவது கவைக்கொம்பில் ரப்பர் கட்டிக் கல்லெறியும் கருவி. எஞ்சின் எங்கே என்பதை அந்தப் பெயர் கண்டுகொள்ளவில்லை, ஓட்டுநர் எங்கே என்பதைத்தான் சொல்கிறது.

சின்ன வயதில் கொய்யாக் கிளையில் கவை பார்த்து வெட்டி, சைக்கிள் டியூபை வார்ந்து கட்டி, நடுவே செருப்புத் தோலில் கல் வைத்து இழுத்திருப்போம். அந்தக் கல்லின் இடத்தில்தான் ஓட்டுநர் உட்காருகிறார்: இரண்டு பெரிய பின்சக்கரங்கள் கவையின் இரு கைகள், அவற்றுக்கும் பின்னால் இருக்கை. 1950களில் மிக்கி தாம்சன் என்ற அமெரிக்கப் பந்தய ஓட்டுநர் இப்படி அமைத்ததற்குக் காரணம் எடை. ஆளையும் பின்னச்சுக்குப் பின்னே தள்ளினால் டயர் தரையை நன்றாகக் கவ்வும்.

ஆகவே 'கவண்' வேண்டாம். அது தினைப்புனத்தில் கிளி விரட்டத் தலைக்கு மேல் சுழற்றியது. அதில் கவை கிடையாது. 'உண்டிவில்' பொருந்தும், ஆனால் வில் என்றதும் வளைவுதான் கண்ணில் நிற்கிறது. என் தேர்வு 'கவட்டை'.

தென்மாவட்டப் பேச்சில் கவட்டை என்றால் தொடைகளின் இடைவெளி, அச்சில் கூச்சமாக இருக்குமே என்று தோழி ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். நியாயமான தயக்கம்தான். ஆனால் இந்த வண்டியில் ஓட்டுநர் பின்னச்சின் மேல் காலைப் போட்டுத்தான் உட்காருகிறார். எஞ்சின் விசையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் சரியாக அந்த இடைவெளியில் இருக்கிறது. கிளட்சும் கியர்பாக்ஸும் பாதத்துக்குப் பக்கத்தில். கார்லிட்ஸுக்கு நேர்ந்தது இந்த அமைப்பால்தான். அந்த இரண்டாம் பொருளையும் நான் விடமாட்டேன்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "பழம்பாணிப் பாய்ச்சல் பந்தயத்துக்குக் கவட்டை வண்டி கட்டுபவர், குரோம்‑மாலிப்டினம் எஃகுக் குழாயில் அடிச்சட்டம் பற்றவைத்து, பின்னச்சை வெட்டிக் குறுக்கி, இருக்கையைச் சுற்றிக் காப்புக்கூண்டு எழுப்புகிறார்." வாய்க்கு இடறவில்லை. இத்தகைய பந்தயத்தை ஆங்கிலத்தில் 'நாஸ்டால்ஜியா' என்று சேர்த்துச் சொல்வார்கள். அதற்கு 'நினைவேக்கம்' என்று போடாமல் 'பழம்பாணி' என்று போட்டதற்குக் காரணம், ஏக்கம் பார்ப்பவருக்கு. போட்டி விதி கேட்பது பழைய பாணியை.

எஞ்சினை எஞ்சின் என்றே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். ஐயாவின் கருத்தை எழுதுங்கள்.