சேலத்துல துடுப்புப் படகு கத்துக்க எங்க போறது? ஞாயித்துக்கிழமை போற குழு பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

ஃபேர்லேண்ட்ஸ் அம்மா:
வணக்கம்ங்க. என் பொண்ணு எட்டாவது படிக்கறா. மே மாசம் ஏற்காடு கோடை விழாவுக்குப் போனப்ப ஏரியில படகுப் போட்டி நடந்துச்சு, அத கரையில நின்னு பாத்துட்டு வந்ததுல இருந்து நானும் துடுப்பு போடக் கத்துக்கணும்னு ஒரே பிடிவாதம். மிதிபடகுல ஏத்திவிட்டா போதும்னு நெனச்சேன், அதெல்லாம் வேணாம் துடுப்புதான் வேணும்ங்கறா. நீச்சல் நல்லாவே தெரியும். எங்க தெருவுல ஒருத்தர் சொன்னாரு, சேலத்துக்காரங்க சில பேரு சேந்து ஞாயித்துக்கிழமை காலையில படகு ஓட்டப் போறாங்க, வாட்ஸ்அப் குரூப் கூட இருக்குன்னு. அது யாருங்க, எங்க போறாங்க, பிள்ளைங்கள சேத்துக்குவாங்களா? மூக்கனேரியிலயே ஏதாச்சும் இருந்தா எங்களுக்கு ரொம்ப வசதி. இவங்க அப்பாவுக்கு மனசே ஒப்பல, தேக்கடியில படகு கவுந்தத டிவியில பாத்தத இன்னும் சொல்லிக்கிட்டே இருக்காரு. பாதுகாப்பு எப்படின்னு வெவரமா எழுதினீங்கன்னா அப்படியே அவர்கிட்ட காட்டிருவேன்.

சேர்வராயன் மலைவாசி:
நான் ஏற்காடுதாங்க. முதல்ல இங்க வந்து பழகட்டும், ஏரி சின்னது, காத்து பெருசா இருக்காது, கரை எப்பவும் கண்ணுக்குத் தெரியும். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தோட படகு இல்லத்துல துடுப்புப் படகுன்னு கேட்டு வாங்குங்க, கூட வர்ற படகோட்டி அண்ணன்கிட்ட பாப்பா கத்துக்கணும்னு சொல்லுங்க, பொறுமையா சொல்லித் தருவாங்க. ஆனா மே மாசத்துலயும் லீவு நாள்லயும் வராதீங்க, கூட்டத்துல வரிசையில நிக்கவே பொழுது போயிரும், 20 கொண்டை ஊசி வளைவும் வண்டியா நிக்கும். மழை முடிஞ்சு கிள்ளியூர் அருவியில தண்ணி விழற சமயம்னா இங்க ஏரி ரொம்பி வழியுதுன்னு அர்த்தம், அப்ப வேலை நாள் காலையில வந்தீங்கன்னா நிம்மதியா ஓட்டலாம். பனி மூட்டம் எறங்கிருச்சுன்னா மட்டும் படகு எடுக்க வேணாம், பத்தடிக்கு அந்தப் பக்கம் வர்ற படகு தெரியாது.

கோடை விழா போட்டிய வருசா வருசம் பாக்கறவன்ங்கறதால ஒண்ணு சொல்றேன். பலசாலி ஜெயிக்கறதில்ல, நேரா போறவங்கதான் ஜெயிக்கறாங்க. வலது கை வேகமா இழுக்கும், இடது கை பின்தங்கும், படகு ஒரு பக்கமா வளைஞ்சு போகும், அத திருப்பறதுலயே பாதி நேரம் போயிரும். பாப்பாவ முதல் நாள்ல இருந்தே ரெண்டு கையும் ஒரே அளவா இழுக்கப் பழக்குங்க.

துடுப்புக்காரன்:
அக்கா, நீங்க கேட்ட குழுவுல நானும் இருக்கேன். கிளப்னு பேரெல்லாம் இன்னும் வைக்கல, பதிவும் பண்ணல, படகுமேல ஆசை இருக்கற ஆளுங்க சேந்துருக்கோம், அவ்ளோதான். காவேரிக்கரையில இருக்கற பூலாம்பட்டியில பரிசல்காரங்ககிட்ட சொல்லிவச்சு காலையிலயே போயிருவோம். பிள்ளைங்கள சேத்துக்கறோம், ஆனா அம்மாவோ அப்பாவோ கூட வந்தே ஆகணும்.

இப்போதைய நெலவரம் என்னன்னா மேட்டூர்ல தண்ணி அதிகமா தொறந்ததால ஆத்துல எறங்கறத நிறுத்தி வச்சிருக்கோம். அதுக்குப் பதிலா நீச்சல் குளத்துல கவுந்தா என்ன பண்றதுன்னு பழக்கறோம். புதுசா வர்றவங்க யாரா இருந்தாலும் இத முடிக்காம படகுல காலே வைக்க முடியாது, இதுல எங்களுக்கு சமரசமே கெடையாது. கவுந்ததும் எல்லாருக்கும் வர்ற முதல் யோசனை கரைக்கு நீந்திரலாம்ங்கறதுதான், அதான் ஆபத்து. தண்ணியில இருந்து பாக்கறப்ப கரை கிட்டத்துல இருக்கற மாதிரியே தெரியும், பாதி தூரத்துல கை ஓஞ்சிரும். கவுந்த படகு பெரும்பாலும் மிதந்துக்கிட்டுதான் இருக்கும், அத புடிச்சுக்கிட்டே கையத் தூக்கி கத்தணும், கூட வந்தவங்கள பேர் சொல்லிக் கூப்புட்டு எல்லாரும் இருக்காங்களான்னு பாக்கணும்.

லைஃப் ஜாக்கெட்டும் சும்மா தோள்ல மாட்டறது இல்ல. பாப்பாவுக்கு மாட்டி பக்கிள் எல்லாம் போட்டு வாரை இழுத்துட்டு, ரெண்டு கையையும் மேல தூக்கச் சொல்லுங்க. நீங்க தோள்பட்டை ரெண்டையும் புடிச்சு மேல இழுத்துப் பாருங்க. ஜாக்கெட் ஏறி காது வரைக்கும் வந்துச்சுன்னா அது அவளுக்கு சேராது, தண்ணியில விழுந்தா ஜாக்கெட் மட்டும் மேல வரும் பிள்ளை கீழ நழுவிரும். பெரியவங்க அளவ வாங்கி இறுக்கிக் கட்டிக்கலாம்னு நிறைய பேர் நெனைக்கறாங்க, ஆகவே ஆகாது. சின்னப் பிள்ளைங்களுக்கு தொடைக்கு நடுவுல ஒரு வார் வர்ற மாதிரி வாங்கறது நல்லது. ஸ்பாஞ்சு கிழிஞ்சு தண்ணி ஊறிப்போன ஜாக்கெட்ட தயவுசெஞ்சு யார் குடுத்தாலும் போடாதீங்க, வேற கேளுங்க, இல்லைன்னா எறங்கிருங்க.

பூலாம்பட்டி காவேரிக்கரை:
தம்பி சொன்னது சரி. எங்க ஊரு பத்தி தெரியாதவங்களுக்காக சொல்றேங்க, பூலாம்பட்டிக்கும் எதுத்தாப்ல ஈரோடு மாவட்டம் நெரிஞ்சிப்பேட்டைக்கும் விசைப்படகு ஓடுது, பஸ்சுக்கு போற மாதிரி சனம் வண்டியோட ஏறி எறங்கும். ஆத்துக்கு குறுக்க மதகு வச்ச கதவணை இருக்கறதால தண்ணி தேங்கி நிக்கும், பாக்க ஏரியாட்டம் அமைதியா தெரியும். அத நம்பிரக் கூடாது. மேட்டூர் அணை ரொம்பி 120 அடி வந்து 16 கண் மதகுல உபரித் தண்ணி விட்டாங்கன்னா அன்னைக்கே ஆறு வேற ஆறு, விசைப்படகையே நிறுத்திருவாங்க. கதவணையில பராமரிப்பு வேலைன்னாலும் தண்ணிய வடிச்சிருவாங்க, படகு தரை தட்டும். அதனால சேலத்துல இருந்து கெளம்பறதுக்கு முன்னாடி நீர்மட்டம் என்ன, எவ்ளோ தொறந்துருக்குன்னு நியூஸ்ல பாத்துட்டு வாங்க. விசைப்படகு போறப்ப எழும்பற அலையில பரிசல் பக்கவாட்டுல மாட்டக் கூடாது, அது கடந்து போற வரைக்கும் ஓரமா நில்லுங்க. பண்ணவாடி பக்கம் போறேன்னு சில பேரு கெளம்பறாங்க, அங்க அணையோட நீர்தேக்கம், நாகமரைக்கு பரிசல் போற எடம், பரந்து கெடக்கும், சாயங்காலம் காத்து அடிச்சா கத்துக்கற பிள்ளைங்களுக்கு அது எடமே இல்லைங்க.

அம்மாபேட்டை டு அடையாறு:
சொந்த ஊரு அம்மாபேட்டை, வேலைக்கு சென்னை வந்து இங்க ரோயிங் பழகறேன். பரிசல் வேற, ரோயிங் வேறங்க, பாப்பா எத விரும்பறான்னு பாத்துக்கங்க. பரிசல்ல ஒத்தத் துடுப்பு, முன்னாடி பாத்து உக்காந்து தண்ணிய தன் பக்கமா வாரி இழுக்கணும், கொஞ்சம் விட்டா வட்டம் சுத்தும். ரோயிங்ல போற திசைக்கு முதுகு காட்டி உக்காரணும், சீட்டு தண்டவாளத்துல முன்னும் பின்னும் நகரும், கால்தான் முதல்ல ஒதைக்கணும், அப்புறம் முதுகு, கடைசியாதான் கை. கையால மட்டும் இழுக்கறவங்க சீக்கிரம் களைச்சிருவாங்க. போட்டின்னா பாரிஸ் 2024 வரைக்கும் ஒலிம்பிக் தூரம் 2,000 மீட்டர். அடையாறு ஆத்துல இருக்கற மெட்ராஸ் போட் கிளப் 1867-ல ஆரம்பிச்சது, நம்ம மாநிலத்துல இந்த விளையாட்டுக்கு அவ்ளோ பழைய வேர் இருந்தும் சேலம் மாதிரி ஊருக்கு வந்து சேரவே இல்ல, அதுல எனக்கு நிஜமாவே வருத்தம். பாரிஸ் 2024 ஒலிம்பிக்ல ரோயிங்க்கு இந்தியாவுல இருந்து போனது பல்ராஜ் பன்வார் ஒருத்தர்தான். பாய்மரப் படகுல நம்ம சென்னைப் பொண்ணு நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் ரெண்டுக்கும் போனாங்க, அவங்க போட்டி வீடியோவ பாப்பாவுக்கு போட்டுக் காட்டுங்க.

அவங்க அப்பாவுக்கு ஒண்ணு சொல்லுங்க. தேக்கடியில 2009 செப்டம்பர் 30-ந்தேதி 45 பேர் செத்தாங்க. அது ரெண்டடுக்குப் படகு, விலங்கு தெரியுதுன்னு சனம் ஒரே பக்கமா நகந்துச்சு, லைஃப் ஜாக்கெட் போடல. அவரு பயம் நியாயமானதுதான், அந்த பயத்தோடயே அவர் கூட வந்து கரையில நின்னு ஒவ்வொண்ணா சரி பாக்கட்டும், குழுவுக்கு அப்படி ஒரு ஆள் வேணும்.

கன்னங்குறிச்சி ஏரிக்கரை:
மூக்கனேரி பத்தி கேட்டீங்களே அக்கா. 2010 வாக்குல பொதுமக்கள் எறங்கி தூர்வாரி, எடுத்த மண்ணுலயே நடுவுல திட்டு திட்டா போட்டு மரம் வச்சாங்க, இன்னைக்கு அதுல பறவைங்க கூடு கட்டுது. எங்க ஊரு பிள்ளைங்க துடுப்பு போடணும்னு எனக்கும் ஆசைதான், ஆனா மோட்டார் படகு வர விடக் கூடாது, திட்டுக்கு கிட்ட போகக் கூடாது, அதிகாரிங்ககிட்ட முறையா அனுமதி வாங்காம யாரும் சொந்தப் படகு எறக்கவும் கூடாது. துடுப்பு மட்டும்னு எழுதி மனு குடுத்தா நானும் கையெழுத்து போடறேன்.

துடுப்புக்காரன்:
மனு எழுதறத நான் எடுத்துக்கறேங்க அண்ணா, பறவை கூடு கட்டற மாசத்துல படகே வேணாம்னும் சேத்து எழுதிரலாம். திட்டு எங்கெங்க இருக்குன்னு ஒரு நாள் கரையில நடந்து காட்டுங்க.

ஃபேர்லேண்ட்ஸ் அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அவர்கிட்ட படிச்சுக் காட்டினேன், குளத்துல பழக்கறத முதல்ல வந்து பாக்கறேன்னு சொல்லிட்டாரு, ஆத்துக்கு அனுப்பறத அப்புறம் பேசலாம்ங்கறாரு. துடுப்புக்காரன் தம்பி, குளத்துக்கு வர்றப்ப ஜாக்கெட் நாங்க வாங்கிட்டு வரணுமா, இல்ல உங்ககிட்ட பிள்ளைங்க அளவு இருக்கா?

துடுப்புக்காரன்:
இருக்குங்க அக்கா, இப்ப வாங்க வேணாம். பாப்பாவோட எடையும் நெஞ்சளவும் மட்டும் தனி மெசேஜ்ல அனுப்புங்க, அளவுப்படி எடுத்து வைக்கறேன். மாத்துத் துணியும் தலை துவட்ட துண்டும் கொண்டு வாங்க, கவுத்துதான் பழக்குவோம்.