உதவி: 2^67 − 1 பகா எண்ணுன்னு என் புரோகிராம் சொல்லுது, புக்குல இல்லைன்னு இருக்கு

கோத்தகிரி_மாணவன்:
வணக்கம்ங்க, ஊட்டில பி.எஸ்சி மேத்ஸ் படிக்கிறேன். எக்ஸிபிஷனுக்கு மெர்சென் எண்கள் (2-ஐ ஏதாவது அடுக்குக்கு ஏத்தி 1 கழிச்சா வர்ற எண்கள்) பத்தி சார்ட் பண்றேன், அதுக்கு பைத்தான்ல பெர்மா டெஸ்ட் எழுதினேன், 2-ஐ (எண் − 1) அடுக்குக்கு ஏத்தி அந்த எண்ணாலயே வகுக்கும், மீதி 1 வந்தா பகா எண்ணுன்னு காட்டும். 2^31 − 1 பாஸ், சரிதான், 1772-லயே ஆய்லர் நிரூபிச்சது. ஆனா 2^67 − 1, அதாவது 147573952589676412927, அதுக்கும் மீதி 1 வருது!! ரெண்டு நாளா இங்க மழை, கரண்ட் வரப்பல்லாம் ஓட்டிப் பாக்குறேன், அதே 1 தான். நம்பர் பெருசுங்கறதால ரவுண்ட் ஆகுதா?

குன்னூர்_அக்கா:
ரவுண்ட் இல்ல தம்பி, ஃப்ளோட்டா (தசம எண்ணா) மாத்தாத வரைக்கும் பைத்தான் முழு எண்ணை அப்படியே வச்சிருக்கும். புக்கு சரி. 193707721 × 761838257287 பெருக்கிப் பாரு, உன் நம்பர் அச்சா வரும். 1903-ல கோல்ங்கற அமெரிக்கக் கணித மேதை கண்டுபிடிச்ச காரணிகள்.

கூடலூர்_வாத்தியார்:
கோடு தப்பில்லப்பா, டெஸ்ட்டுக்கு 2-ஐ எடுத்ததுதான் தப்பு. 2^67-ஐ உன் எண்ணால வகுத்தா மீதி 1, அது பாத்தாலே தெரியும். உன் எண்ல 1 கழிச்சா 2^67 − 2, 67 பகா எண்ங்கறதால அது 67-ஆல மீதியில்லாம வகுபடும், அதுவும் பெர்மா தேற்றம்தான். அப்போ நீ ஏத்துற அடுக்கு 67-ஓட மடங்கு, 1-ஐ எத்தன தடவ பெருக்கினாலும் 1 தானே. அடுக்கு பகா எண்ணா இருக்குற எந்த மெர்சென் எண்ணும் இதுல பாஸாகும். 2047-ஐ (2^11 − 1) போட்டுப் பாரு, அது 23 × 89.

குன்னூர்_அக்கா:
அப்ப 2-க்கு பதிலா 3 போட்டா போதும்ல சார்?

கூடலூர்_வாத்தியார்:
2047 மாட்டிக்கும்மா, ஆனா 3 பாஸ் பண்ணிட்டா பகா எண்ணுன்னு எழுதிடக் கூடாது. 91 = 7 × 13, அது 3-லயும் பாஸ். மெர்சென் எண்ணுக்குன்னே லூக்காஸ்-லேமர்னு ஒரு டெஸ்ட் இருக்கு, அதான் நிரூபணம். 4-ல ஆரம்பி, வர்க்கம் பண்ணி 2 கழி, மீதி எடு, இதையே அடுக்குல ரெண்டு கம்மியா அத்தன தடவ. 31-க்கு (2^5 − 1) 4, 14, 8, 0. கடைசில 0 வந்தா மட்டும் பகா எண். இது ஒத்தப்படை அடுக்குக்குத்தான், பகா எண் அடுக்குகள்ல 2 மட்டும் ஒத்தப்படை இல்லங்கறதால அத விட்டுடு.

கோத்தகிரி_மாணவன்:
சார் ரொம்ப ரொம்ப நன்றி!! 2047-க்கு என் பழைய டெஸ்ட்டு மீதி 1-ன்னே சொல்லுச்சு, லூக்காஸ்-லேமர்ல 9 தடவ ஓட்டினா கடைசில 1736 நிக்குது, 0 இல்ல. 67-க்கு 65 தடவ, அங்கயும் 0 வரல. 1876-ல பிரெஞ்சுக் கணித மேதை லூக்காஸும் காரணி தெரியாமலே 2^67 − 1 பகு எண்ணுன்னு காட்டிட்டாராமே, அது எப்படின்னு இப்பதான் சார் பிடிபடுது. சார்ட்ட மாத்துறேன், 2047-க்குத் தனிப் பெட்டி போட்டு ரெண்டு டெஸ்ட்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதிடுறேன்.