முதல் மீளமைப்புக்குப் பிறகு

தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு எதிலிருந்து சொல்லித் தருவது என்ற கேள்விக்கு இங்கே பலரும் பதில் எழுதியிருக்கிறீர்கள். மணல்தொட்டியில் (எழுதிப் பார்க்கும் பயிற்சிப் பக்கம்) பழக விடுவது, ஒரு கட்டுரையிலிருந்து இன்னொன்றுக்கு உள்ளிணைப்பு போடக் காட்டுவது, வார்ப்புருக்களை (முன்பே எழுதி வைத்திருக்கும் அறிவிப்பு, பெட்டி போன்றவை) அறிமுகப்படுத்துவது எல்லாம் தேவைதான். ஆனால் வந்தவர் தங்குவாரா, போய்விடுவாரா என்பது அங்கே முடிவாவதில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் ஒரு பக்கத்தில் செய்த மாற்றத்தை, அதாவது தொகுப்பை, முதல்முறையாக யாரோ நீக்கிப் பழையபடி ஆக்கும்போது அது முடிவாகிறது. அதைத்தான் மீளமைப்பு என்கிறோம். அந்த ஓரிரு நாளில் அவரோடு பேச ஒரு ஆள் வேண்டும். அப்படிப் பேசக் கிடைத்த சிலரைப் பற்றி எழுதுகிறேன்.

ஒருவர் காஞ்சிபுரம் பக்கத்து ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். ஒரு பயிற்சிப் பட்டறையில் அறிமுகமானவர். கணக்கு தொடங்கிக் கொடுத்து, எழுத்துப்பிழை திருத்துவதில் ஆரம்பியுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். சில நாள் கழித்துக் கூப்பிட்டார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். "ஏம்மா, முப்பது வருஷமா பாடம் நடத்தினவன் நான். நான் போட்டதை நாசவேலைன்னு எழுதி வெச்சிருக்காங்களே?"

நடந்தது இதுதான். உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றிய பத்தியில், குடவோலையில் பெயர் இடப்படுபவரின் வயது 35-க்கு மேல் 70-க்குள் என்று இருந்தது. அதை 30-க்கு மேல் 60-க்குள் என்று மாற்றியிருந்தார். சிறிது நேரத்தில் யாரோ பழையபடி ஆக்கினார்கள். இவர் மறுபடி மாற்ற, அது மறுபடியும் மீளமைக்கப்பட்டு, அவருடைய பேச்சுப் பக்கத்தில் ஒரு எச்சரிக்கை வார்ப்புருவும் வந்து விழுந்தது. "வாருங்கள்" என்று தொடங்கும் வரவேற்புச் செய்திக்கு நேர் கீழே அந்த எச்சரிக்கை. அவர் கண்ணில் அது எப்படிப் பட்டிருக்கும் என்று நினைத்தாலே கஷ்டமாக இருந்தது.

கணினியைத் திறக்கச் சொல்லி, பக்கத்தின் வரலாற்றுக்கு அழைத்துப் போனேன். புதியவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்பும் இடம் அதுதான். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது ஒரு வரி விடாமல் அங்கே இருக்கும். அவருடைய தொகுப்புக்கு எதிரே அளவு மாற்றம் 0 என்று இருந்தது, அதாவது பக்கம் நீளவும் இல்லை, குறையவும் இல்லை. ஏன் மாற்றினோம் என்று சுருக்கம் எழுதும் இடம் காலி. வேறுபாட்டைத் திறந்தால் இடப்பக்கம் 35, 70. வலப்பக்கம் 30, 60. வேறு ஒரு எழுத்துகூட மாறவில்லை.

"ஐயா, இப்ப நீங்க அண்மைய மாற்றங்களைப் பாத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்கன்னு வெச்சுக்குங்க. புதுக் கணக்கு. சான்று இல்லை, விளக்கம் இல்லை. ரெண்டு எண்ணு மட்டும் மாறியிருக்கு. என்ன நினைப்பீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பையன் யாரோ விளையாடுறான்னு நினைப்பேன்" என்றார்.

அதுதான் விஷயம். கெட்ட வார்த்தை எழுதி வைப்பவரைக் கண்டுபிடிப்பது சுலபம். பிறந்த ஆண்டையும் மக்கள்தொகையையும் ஓசைப்படாமல் மாற்றிவிட்டுப் போகிறவரைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அதனால் சுற்றுக்காவல் பார்ப்பவர்களுக்கு, அதாவது புதிய மாற்றங்களைக் கண்காணிப்பவர்களுக்கு, எண் மாற்றம் என்றாலே கண் அங்கே போகும். அவர்களும் சம்பளம் இல்லாமல், தங்கள் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் வந்து உட்காருகிறவர்கள். இதைச் சொன்னதும் ஆசிரியரின் குரல் தணிந்தது. எதிரில் இருப்பது ஒரு அலுவலகம் இல்லை, தன்னைப் போன்ற இன்னொரு ஆள் என்று தெரிந்ததே அவருக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

சரி, 30, 60 என்று எங்கே படித்தீர்கள் என்று கேட்டால், "படிக்கிறதென்ன, சுவர்லயே பாத்திருக்கேம்மா" என்கிறார். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில்தான் அந்தக் கல்வெட்டு இருக்கிறது. மாணவர்களை அழைத்துக்கொண்டு போய், கல்வெட்டு படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவரை வைத்து வரி வரியாகக் காட்டியிருக்கிறார். இப்படிப்பட்ட ஒருவரிடம் போய், உங்கள் கண்ணால் பார்த்தது இங்கே செல்லாது என்று எப்படிச் சொல்வது?

சொல்லத்தான் வேண்டும். ஆனால் "சொந்த ஆய்வு கூடாது" என்று கொள்கைப் பக்கத்தின் இணைப்பை மட்டும் ஒட்டிவிட்டுப் போகக் கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு. மலேசியாவில் இருந்து இந்தப் பக்கத்தைப் படிக்கும் பிள்ளையால் உத்திரமேரூருக்கு வந்து சுவரைப் பார்க்க முடியாது, ஆனால் ஒரு நூலைத் தேடி எடுத்துப் பக்கத்தைப் புரட்ட முடியும், அந்தப் பிள்ளைக்காகத்தான் சான்று கேட்கிறோம் என்று சொன்னேன். ஆசிரியர்களிடம் படிக்கிற பிள்ளையைச் சொல்லி ஒன்றைக் கேட்டால் மறுக்க மாட்டார்கள். "இரும்மா" என்று அலமாரிப் பக்கம் போனார்.

அவர் திரும்பி வந்தபோது குரலே வேறாக இருந்தது. அங்கே இருப்பது ஒரு கல்வெட்டு இல்லை, இரண்டு. இரண்டும் முதலாம் பராந்தகன் காலத்தவை. ஒன்று 12-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 919. இன்னொன்று 14-ஆம் ஆட்சியாண்டு, 921. முதலாவதில் வயது 30-க்கு மேல் 60-க்குள். இரண்டாவதில் 35-க்கு மேல் 70-க்குள். இரண்டே ஆண்டில் ஊர்ச்சபை தன் விதியைத் திருத்தியிருக்கிறது. கல்வெட்டறிஞர் வெங்கையா இவற்றை 1904-05 தொல்லியல் துறை ஆண்டறிக்கையிலேயே பதிப்பித்து விளக்கியிருக்கிறார். பக்கத்தில் இருந்ததும் சரி, ஆசிரியர் போட்டதும் சரி. இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்ததுதான் குறை.

அவரையே வாக்கியம் எழுதச் சொன்னேன். முதலில் எழுதியது பாடநூல் நடையில் நீளமாகப் போனது. "நம் முன்னோர்களின் ஒப்பற்ற மக்களாட்சிச் சிந்தனை" என்று ஒரு தொடரும் இருந்தது. அதை எடுக்க அவருக்கு மனமே இல்லை. பெருமையை நாம் சொல்ல வேண்டாம் ஐயா, 30 குடும்புகள் (ஊரின் பிரிவுகள்), கால் வேலிக்கு (வேலி என்பது நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, ஏரி வாரியத்துக்கு (ஏரியைக் கவனிக்கும் குழு) ஆறு பேர் என்று விவரத்தைச் சொன்னாலே படிப்பவருக்கு வியப்பு தானாக வரும் என்றேன். நடுநிலை நோக்கு என்று தலைப்பிட்டு வகுப்பு எடுப்பதைவிட, ஒரு பெயரடையை எடுத்துவிட்டு வாக்கியத்தைத் திரும்பப் படிக்கச் சொல்வது நன்றாகவே வேலை செய்கிறது. கடைசியில் இரண்டு வரிகளில், ஆண்டோடும் பக்க எண்ணோடும் அழகாக முடித்தார்.

ஆனால் நேரே கட்டுரையில் போட விடவில்லை. முதலில் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் எழுதுங்கள் என்றேன். அங்கேயும் ஒரு தடங்கல். கையொப்பத்துக்கு நான்கு அலைக்குறி (~) இட வேண்டும், அவருடைய கைப்பேசி விசைப்பலகையில் அந்தக் குறி எங்கோ மூன்றாவது அடுக்கில் ஒளிந்திருந்தது. இப்போது பதிலளிக்கும் பொத்தானை அழுத்தி எழுதினால் கையொப்பம் தானாகவே விழுந்துவிடுகிறது. வயதானவர்களுக்குச் சொல்லித் தரும்போது அந்த வழியையே காட்டுங்கள். அலைக்குறியைத் தேட வைத்து அவர்களைச் சோர்வடையச் செய்ய வேண்டாம்.

மறுநாள் மீளமைத்தவரே பதில் எழுதியிருந்தார். இரண்டு கல்வெட்டுகளின் விவரம் தமக்குத் தெரியாதென்றும், சான்றோடு சேர்ப்பது நல்லதென்றும் சொல்லி, எச்சரிக்கையையும் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆசிரியர் தொகுப்பை வெளியிட்டதும் மீளமைத்தவரிடமிருந்து ஆசிரியருக்கு ஒரு நன்றி அறிவிப்பு போனது. "நன்றின்னு வந்திருக்கும்மா, இதுக்கு நான் என்ன பண்ணணும்?" என்று ஆசிரியர் கேட்டார். ஒன்றும் பண்ண வேண்டாம் ஐயா என்றேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இப்போது அவர் சோழர் காலக் கோயில் பக்கங்களில் ஆட்சியாண்டுகளைச் சரிபார்த்து வருகிறார். எண்ணை மாற்றினால் சுருக்கத்தில் நூலின் பெயரைப் போடாமல் விடுவதே இல்லை.

கல்லூரி மாணவி ஒருத்தியின் கதை இதைவிடச் சின்னது. தன் ஊர்ப் பக்கம் காலியாகக் கிடக்கிறதே என்று, ஒரு செய்தித் தளத்திலிருந்து ஐந்தாறு பத்திகளை அப்படியே எடுத்து ஒட்டிவிட்டாள். பதிப்புரிமை மீறல் என்று எல்லாம் போய்விட்டது. "அக்கா, வரலாற்றுல கூட பாக்க முடியல, முழுசா மறைச்சிட்டாங்க" என்று அழாத குறையாகச் செய்தி அனுப்பினாள். அப்படி மறைப்பதற்குக் காரணம் உண்டு. விக்கிப்பீடியாவில் இருப்பதை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில்தான் எல்லாமே வெளியாகிறது. பிறருடைய எழுத்தை அந்த உரிமத்தில் கொடுக்க நமக்கு அதிகாரம் கிடையாது. பழைய பதிப்பில் இருந்தாலும் அது கொடுத்ததாகவே ஆகும்.

அவளுக்கு நான் சொன்ன வழி: செய்தியை இரண்டு முறை படி. பிறகு அந்தத் தாவலை மூடு. நினைவில் நிற்பதை உன் பேச்சில் யாருக்காவது சொல்வதுபோல் எழுது. எழுதி முடித்த பிறகு, எண்களையும் பெயர்களையும் சரிபார்க்க மட்டும் திறந்து பார். ஆறு பத்தி நான்கு வாக்கியமாகச் சுருங்கியது. "இவ்வளவுதானாக்கா?" என்றாள். அந்த நான்கில் ஒவ்வொன்றும் அவளுடையது, யாரும் எடுக்க முடியாது. (எவ்வளவு எழுதினோம் என்று வரலாற்றுப் பக்கம் காட்டும் பைட்டுகளைப் பார்த்து மகிழ்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 'க' என்றால் மூன்று பைட்டு, 'கி' என்றால் ஆறு. அந்த எண்ணை நம்பிப் பெருமைப்படவும் வேண்டாம், சோர்ந்து போகவும் வேண்டாம்.) படிப்பு முடியும்வரை அவ்வப்போது வந்து பக்கத்து ஊர்களைப் பற்றியும் எழுதினாள். இப்போது வேலைக்குப் போய்விட்டதால் வருவதில்லை. போகட்டும், அவள் எழுதியது இருக்கிறது.

எனக்கு இன்னும் மனதில் கிடக்கும் ஆள் வேறொருவர். அவருடைய அப்பா தெருக்கூத்துக் கலைஞர். ஊர் ஊராக விடிய விடிய ஆடியவர். அப்பாவுக்கு ஒரு பக்கம் எழுதினார். இரண்டு நாளில் நீக்கல் வேண்டுகோள் வந்தது. குறிப்பிடத்தக்கமைக்கு, அதாவது தனிப் பக்கம் எழுதும் அளவுக்கு அவர் அறியப்பட்டவர் என்பதற்கு, சான்று இல்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து தேடினோம். கோயில் திருவிழாத் துண்டறிக்கைகள் இருந்தன, பாராட்டுச் சான்றிதழ் இருந்தது. அவரைப் பற்றி மூன்றாம் நபர் ஒருவர் எழுதி வெளியான கட்டுரையோ நூலோ எதுவும் இல்லை. கூத்துக் கலைஞர்களில் பெரும்பாலானோரின் நிலை இதுதான். அவர்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அந்தக் குறையை விக்கிப்பீடியாவால் நேரடியாகத் தீர்க்க முடியாது. பக்கம் நீக்கப்பட்டது சரியான முடிவு என்றுதான் நானும் நினைக்கிறேன். அதை மகனிடம் சொல்வதுதான் வேதனை. "அப்ப எங்கப்பா முக்கியமில்லைங்கிறீங்களா?" என்று கேட்டார். இல்லை அண்ணே, அவரைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இந்த இடத்தில் வார்ப்புரு மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள் என்று இங்கே இருக்கும் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு வரியாவது நீங்களே எழுதுங்கள்.

கொஞ்ச நாள் விட்டு நானே கூப்பிட்டேன். வீட்டில் அப்பாவின் அணிகள் இருக்கின்றனவா என்று கேட்டேன். இருந்தன. இலேசான மரத்தில் செய்து, கண்ணாடித் துண்டுகள் பதித்த கிரீடமும் தோள்கட்டைகளும். படம் எடுத்துப் பொதுவகத்தில் (விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்து வைக்கும் தளம்) ஏற்றலாமா என்று கேட்டபோது, ஆல்பத்தில் இருந்த அப்பாவின் பழைய படத்தையும் சேர்த்துப் போடலாமே என்றார். அது எந்தப் படநிலையத்தில் எடுத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. படத்தில் இருப்பவர் என்பதாலேயே உரிமை வந்துவிடாது, உரிமை யாருக்கு என்று உறுதியாகச் சொல்ல முடியாததால் அதை விட்டுவிட்டோம். அணிகளை அவரே கைப்பேசியில் எடுத்தார். ஏற்றும் முன்பே, இந்தப் படத்தை யாரும் பயன்படுத்தலாம், விற்பனைக்கான நூலில் போடலாம், உங்கள் பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்பதைச் சொல்லி, சம்மதமா என்று கேட்டேன். இதைப் பின்னால் தெரிந்துகொண்டு மனம் நோகிறவர்கள் உண்டு, ஆகவே முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். யோசித்துவிட்டுச் சரி என்றார். விளக்கத்தில் ஒவ்வொரு கட்டையும் எந்த வேடத்துக்கு, எப்படிக் கட்டுவது என்று அவர் எழுதிய குறிப்புகள், நான் வேறு எங்கும் பார்த்திராத அளவுக்குத் தெளிவானவை. தெருக்கூத்து ஒப்பனையைப் பற்றிப் படிக்க வருகிறவர்களுக்கு அந்தப் படங்கள் பயன்படும்.

இப்போதும் மாதத்துக்கொரு முறையாவது, அப்பா பக்கம் எப்போது வரும் என்று கேட்கிறார். ஆய்வு மாணவர் ஒருவர் அவர்கள் ஊர் ஜமாவை, அதாவது கூத்துக் குழுவை, பற்றி எழுத வந்து பேட்டி எடுத்துப் போயிருக்கிறாராம். அது அச்சில் வந்ததும் இதழின் பெயரையும் பக்க எண்ணையும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், வந்தால் பேச்சுப் பக்கத்தில் நானே தொடங்கி வைக்கிறேன்.